ஒரு பக்கந்தான் வேர்க்குது

2006ஆம் ஆண்டு ஒரு காலை, கொழும்பில் நான் குடியிருந்த வாடகை அறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, என் இடது கண்ணின் மணி வலது கண்ணின் மணியைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருப்பதைக் கண்டேன். வலி இல்லை, சிவப்பும் இல்லை. தெருவில் இறங்கியதும் வெயில் அந்த ஒரு கண்ணை மட்டும் குத்தியது. அலுவலகத்தில் பிழைதிருத்தப் படிகளை விரித்தால் எழுத்துகள் கலங்கின. போர் மறுபடி மூண்டிருந்த காலம். பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்க்க நேரமில்லை. இரவுப் பணியில் இருந்த மூத்தவர் ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, "நீ நாளைக்கு வேலைக்கு வராதே, டொக்டரிடம் போ" என்றார்.

கண் வைத்தியர் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். விரலைக் காட்டி நாற்புறமும் கண்ணை ஓட்டச் சொன்னார். பிறகு கேட்ட முதற் கேள்வி என்னைச் சிரிக்க வைத்தது. "உங்களுக்கு ஊர் எது? இரண்டு நாளுக்குள் ஊமத்தம் பூ எதையாவது தொட்டீர்களா?"

ஊர் ஹட்டன் பக்கம் என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றார். மலையகத்து வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நுவரெலியாப் பக்கத்து ஓடைக்கரைகளில் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து, வெள்ளை எக்காளங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோலப் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. ஊமத்தையின் உறவுச் செடி. தென்னமெரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காக வந்து, வேலி தாண்டிக் காடேறிவிட்டது. அதன் சாறு கையில் பட்டு, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்துவிடும். ஓரிரு நாட்களுக்குச் சுருங்காது. கண் பரிசோதனைக்காக வைத்தியர்கள் விடும் அத்திரோப்பின் துளியின் உறவுக்காரப் பொருட்கள்தாம் அந்தச் சாற்றில் இருக்கின்றன. எங்கள் தாயார் வீட்டுக்குப் பின்னாலும் அது உண்டு. ஆனால் நான் அந்த மாதம் ஊருக்கே போகவில்லை.

விரிந்த கண்மணி ஒன்றோடு வருபவரிடம் வைத்தியர் அஞ்சுவது ஊமத்தைக்கு அல்ல. மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாம் நரம்பை, பக்கத்தில் ஓடும் இரத்தக் குழாய் ஒன்று பலூன்போல வீங்கி அழுத்தினாலும் மணி விரியும். தலைவலியோடு இமையும் சரிந்து, கண் வெளிப்புறமாக ஒதுங்கி நின்றால் சொட்டு மருந்துக்கெல்லாம் நேரமில்லை; அந்தக் கணமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்கு இமை சரியவில்லை. கண் நாற்புறமும் ஓடியது. ஆகவே அவர் சொட்டு மருந்தை எடுத்தார்.

பைலோகார்ப்பின் என்ற மருந்து. கண்ணழுத்த நோய்க்காக நெடுங்காலம் பாவித்தது, கண்மணியைச் சுருக்கும். ஊமத்தையா என்று அறிய அதை 1 சதவீதச் செறிவில் விடுவார்கள். நரம்பு கெட்டதால் விரிந்த மணி அதற்குச் சுருங்கிவிடும். ஊமத்தைச் சாறு குடியேறிய மணி அசையாது. சுருக்கும் தசையின் கதவுகளையெல்லாம் அந்தச் சாறு முன்கூட்டியே அடைத்துவிட்டது. எனக்கு அவர் அதைச் செய்யவில்லை. 2 சதவீதக் குப்பியிலிருந்து ஒரு பங்கு எடுத்து, பத்தொன்பது பங்கு உப்பு நீரில் கலந்து, 0.1 சதவீதமாக்கி இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு துளி விட்டார். "இவ்வளவு தண்ணீரான மருந்து எதைச் செய்யும்?" என்று கேட்டேன். "நல்ல கண்ணை ஒன்றும் செய்யாது. அதற்காகத்தான்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் கண்ணாடியை நீட்டினார். வலக் கண் அப்படியே இருந்தது. பெரிதாய் விரிந்திருந்த இடக் கண்மணி, வலதைவிடச் சிறிய புள்ளியாகிவிட்டிருந்தது!

நரம்பு தன் செய்தியைக் கொண்டுவராமல் நின்றுபோனால், தசை சும்மா இருப்பதில்லை. வந்து சேரும் செய்தியை வாங்கும் வாசல்களை மேலும் மேலும் திறந்து வைத்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு மெல்லிய மருந்து வந்தாலும் பாய்ந்து பிடிக்கும். என் பெரியம்மா வீட்டை நினைத்துக்கொண்டேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. கடிதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வீடுகளில் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு யாரும் எழும்புவதில்லை. பெரியம்மாவோ எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் லயத்து வாசலுக்கு ஓடிவருவார்.

என் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார் வைத்தியர். கால் உதறவில்லை. அதோடு முடிவு சொல்லிவிட்டார். 1930களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்லியம் ஜோன் ஏடி என்ற நரம்பியல் வைத்தியர் விவரித்த நிலை இது, கண் குழிக்குள் இருக்கும் சிறு நரம்பு முடிச்சு ஒன்று பழுதாவதால் வருவது, பெண்களுக்கே அதிகம், உயிருக்கு ஆபத்தில்லை. "உங்களுக்கு வயதேற அந்த மணி தானாகச் சுருங்கும்" என்றார். அப்படியே ஆயிற்று. இன்று என் இடக் கண்மணிதான் சிறியது.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் தொற்றியது. ஆட்களைச் சந்தித்தால் முதலில் கண்மணிகளைப் பார்ப்பேன். அமைச்சர்களைப் பேட்டி காணும்போதும் அதையே செய்தேன். ஐந்து பேரில் ஒருவருக்கு இரண்டு மணிக்கும் இடையே இயல்பாகவே சிறு வித்தியாசம் இருக்கும். அதற்குப் பொருள் எதுவுமில்லை. கண்மணியைத் தமிழில் பாவை என்கிறோம். எதிரில் நிற்பவரின் உருவம் அதில் பொம்மைபோலத் தெரிவதால் வந்த பெயர். இலத்தீனிலும் அதே காரணத்தால் அதற்குச் சிறு பொம்மைப் பெண் என்று பொருள்படும் சொல்தான். இப்படியெல்லாம் படித்துவைத்துக்கொண்டு திரிந்த நான், பார்க்க வேண்டிய ஒரு முகத்தைப் பார்க்கத் தவறினேன். அதை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதில் பேர் பதிந்து, நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவள். நான் பேராதனைக்குப் போன நாளில் தன் சம்பளத்தில் எனக்கு ஒரு சூட்கேஸ் வாங்கித் தந்தவள்.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வைத்தியசாலையும் அன்று திறக்கப்பட்டது. செய்தி சேகரிக்க நான் போயிருந்தேன். அக்காவும் தோட்டத்துப் பெண்களோடு நடந்து வந்திருந்தாள். கூட்டத்தில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "எனக்கு இப்ப ஒரு பக்கந்தான் வேர்க்குது தம்பி."

நான் சிரித்தேன். "மத்தப் பக்கம் காத்துப் படுதுக்கா" என்றேன். ஆஸ்பத்திரி பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டு, அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களைக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வேர்வையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஆகஸ்டில் ஊர் போனபோது இரவு அவள் லயத்துக்குப் போனேன். அடுப்பு வெளிச்சமும் ஒரு சிறு பல்புந்தான். எதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தவளின் வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். இடக் கண்மணி அந்த மங்கலில் நன்றாக விரிந்திருந்தது. வலது மணி கடுகுபோலச் சுருங்கிக் கிடந்தது. என்னுடைய நோய்க்கு நேர் எதிரானது. வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் பெரிய மணியில் குற்றம். இருட்டில் கூடினால் சிறிய மணியில் குற்றம். இது எனக்குத் தெரிந்திருந்தது.

கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வந்தது. ஏழெட்டு மாதமாக வலது தோளில் வலி. கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரல் வரை போகிறது. விரல்கள் முன்போல ஓடவில்லை. கொழுந்து நிறை குறைந்து, பல நாட்கள் அரைப்பேர்தான். மருந்துக்குப் போனால் பூசுவதற்கு எண்ணெயும் வலிக்கு மாத்திரையும். இமையைக் காட்டியபோது, வயது போனால் அப்படித்தான் என்றார்களாம். கொழுந்துக் கூடையை மாலையில் தராசில் தொங்கவிட்டுப் பார்க்க ஆளுண்டு. கிலோ குறைந்ததை எழுதிக்கொள்ளவும் ஆளுண்டு. கூடைக்காரியின் முகத்தைப் பார்ப்பது யாருடைய வேலையிலும் சேரவில்லை. என் வேலையில் அது சேர்ந்திருந்தது, நானும் பார்க்கவில்லை.

கண்டிக்கு அழைத்துப்போனேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் வளைந்து வளைந்து இறங்கும் வழியெல்லாம் அவள் தோளைப் பிடித்தபடியே வந்தாள்.

வைத்தியர் சிங்களவர், மழலைத் தமிழில் அன்பாகக் கதைத்தார். விளக்கை அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். "அம்மாவின் பழைய போட்டோ இருக்கிறதா?" என்று கேட்டார். இமையும் மணியும் பிறவியிலிருந்தே இப்படியா, புதிதாக வந்ததா என்று அறிய எல்லா நாட்டிலும் வைத்தியர்கள் கேட்பதுதான். அக்கா சேலை முடிச்சிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். அவளிடம் இருந்த ஒரே படம் அதுதான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவளுக்கு உரிமை வந்தது. அதன்பின் அட்டைக்காக ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். முதன்முதலாகப் படமெடுக்க நின்றபோது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

நாம் தாடையை ஊன்றி உட்காரும் அந்தப் பெரிய உருப்பெருக்கிக் கருவியின் முன்னால் அட்டையைப் பிடித்து வைத்தியர் பார்த்தார். கறுத்த விழியில் மணி எது, விழி எது என்று அந்தச் சிறு படத்தில் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் இமைகள் இரண்டும் ஒரே மட்டத்தில், நேர்கோடு பிடித்ததுபோல இருந்தன. சரிவு புதிது.

கண்மணியை விரிக்கும் நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையில் புறப்பட்டு, முள்ளந்தண்டு வழியாக நெஞ்சுவரை இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டுக்கொண்டு, மறுபடி கழுத்தில் ஏறி, பெரிய இரத்தக் குழாயைப் பற்றிக்கொண்டு கண்ணுக்கு வருகிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மஸ்கெலியா சுற்றிப் போவதுபோல. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் இமை சரியும், மணி சுருங்கும். அறுந்தது கழுத்து முடிச்சுக்கு முன்னால் என்றால் முகத்தின் அந்தப் பாதி வேர்க்காது. 1869இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துக் கண் வைத்தியர் ஹோர்னர் இதை எழுதிவைத்தார். அவர் விவரித்ததும் நாற்பது வயதுக் குடியானவப் பெண் ஒருத்தியைத்தான்.

முன்பெல்லாம் இதை உறுதி செய்யக் கொக்கெய்ன் துளி விடுவார்களாம். நல்ல கண்மணி அதற்கு விரியும். நரம்பறுந்த மணி விரியாது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணை மரக்கச் செய்யப் பாவித்த அதே கொக்கெய்ன். பூட்டிய அலுமாரியும் பதிவேடும் வேண்டும். நோயாளியின் சிறுநீரிலும் அதன் தடயம் இரண்டொரு நாள் நிற்கும். அந்தத் தொல்லையெல்லாம் இல்லாத மருந்து, கண்ணழுத்த நோய்க்காக வந்த அப்ராகுளோனிடின். இந்தியாவிலிருந்து வரவழைத்த சிறு குப்பி ஒன்று வைத்தியரிடம் இருந்தது. நல்ல கண்மணியை அது விரிக்காது. நரம்பின் செய்திக்காக ஏங்கிக் கிடக்கும் மணியை விரித்துவிடும், இமையையும் தூக்கிவிடும். கைக்குழந்தைகளுக்கு விடக் கூடாது, மூச்சையே மந்தமாக்கிவிடும். நரம்பறுந்து சில நாட்களே ஆகியிருந்தாலும் பதில் கிடைக்காமல் போகலாம். தசை ஏங்கத் தொடங்கச் சில நாட்கள் வேண்டும். அக்காவின் தசைக்கு மாதக்கணக்கில் பழக்கமாகியிருந்தது.

இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு துளி. வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஊரில் யார் யாருக்குக் கலியாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் இருக்கும், பேச்சின் நடுவே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வலது இமை மேலே போயிருந்தது. வலக் கண்மணி இடதைவிடப் பெரிதாக விரிந்து, கண் முழுதாகத் திறந்திருந்தது. எனக்குச் சூட்கேஸ் வாங்கித் தந்த நாளில் இருந்த முகம்.

வைத்தியர் உள்ளே அழைத்து, அளவுகோல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து அளந்து, எழுதினார். ஒன்றும் பேசவில்லை. அக்கா சுவரிலிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தும் பார்த்தாள். "ஐடென்டி காட்டுல உள்ள மாதிரியே வந்துட்டேன் டொக்டரய்யா!" என்று கும்பிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாக, "இந்த மருந்துல ரெண்டு குப்பி வாங்கிக் குடு தம்பி, எவ்வளவு ஆனாலும் கைக்காசு தாறேன்" என்றாள்.

கண் திறந்ததே நரம்பு அறுந்ததற்குச் சாட்சி என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று மொழியில் செய்தி எழுதத் தெரிந்த எனக்கு அன்று ஒரு மொழியும் உதவவில்லை. "இது பார்க்கிற மருந்துக்கா, சுகமாக்கிற மருந்து இல்ல" என்றேன். அவள் நம்பவில்லை. காசுக்காகத் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

எந்த இடத்தில் அறுந்தது என்று பிரித்தறிய இன்னொரு துளியும் உண்டு. இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் அதைச் செய்ய முடியும். அது தேவைப்படவில்லை. தோள் வலியும், தேய்ந்துகொண்டிருந்த கைத் தசையும், வேர்க்காத பாதி முகமும் இடத்தைச் சொல்லிவிட்டன. வைத்தியர் நெஞ்சு எக்ஸ்ரேக்கு எழுதினார். வலது நுரையீரலின் உச்சியில் நிழல் இருந்தது. ஹென்றி பான்கோஸ்ட் என்ற அமெரிக்கக் கதிர்ப்பட வைத்தியர் 1924இலும் 1932இலும் எழுதியது இந்த நிழலைப் பற்றித்தான். தோளையும் கையையும் கண்ணையும் ஒன்றாகப் பிடிக்கும் கட்டி. சுருட்டோ பீடியோ தொடாதவள் அவள். ஐம்பது வருடம் ஜன்னலில்லாத லயத்து அடுப்படியில் விறகுப் புகையைக் குடித்தவள். அதுதான் காரணம் என்று நான் எழுத முடியாது. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இமை பழையபடி சரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

பிறகு மகரகமவுக்குப் போனோம். கதிர்ச் சிகிச்சையில் வலி குறைந்து, சில மாதங்கள் நன்றாகத் தூங்கினாள். மே மாதமே அந்த வேர்வையை நான் செவிமடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகரகமவில் ஒரு வைத்தியரிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லாமல், "அவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார். எண்ணெய் கொடுத்தவர்களும் நானும் ஏட்டில் தேட வேண்டியிருந்த நோயை, அவள் முதல் நாளே ஒற்றை வரியில் சொல்லியிருந்தாள்.

2018 சித்திரையில் அக்கா போய்விட்டாள். கருமாதிக்குப் படம் வேண்டும் என்று அடையாள அட்டையைக் கொண்டுபோய் ஹட்டனில் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டூடியோப் பையன் கணினித் திரையில் முகத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் நல்லாத் தெளிவா இருக்கு சேர், புடவைக்கு மட்டும் கலர் போடவா?" என்று கேட்டான். போடச் சொன்னேன். பச்சை கேட்டேன், அவன் நீலம் போட்டுவிட்டான்.